180 நாள் லாக்: வடிகட்டுவதில் ஒரு சந்தேகம்

கிண்டி எஸ்டேட்டில் 40 விண்டோஸ் பிசி, எல்லா லாகினையும் ஒரே இடத்தில் சரிபார்க்கும் ஒரு டொமைன் கன்ட்ரோலர், ஒரு ஃபயர்வால் உள்ள ஆபீஸ். செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவுப்படி 180 நாள் லாக், அதாவது சிஸ்டத்தில் நடந்ததன் பதிவு, வைக்கணும். பிசியில் செக்யூரிட்டி லாக் 20 எம்பி தாண்டினா பழசை அழிச்சிடும், அதனால எல்லாத்தையும் உபுண்டு சர்வரில் ஓடும் வாசூவுக்கு (Wazuh, லாக்கைச் சேர்த்து அலசும் சாஃப்ட்வேர்) அனுப்புறோம். அந்த சர்வரை டொமைனில் சேர்க்கலை. சேர்த்திருந்தா, டொமைன் அட்மின் பாஸ்வேர்ட் திருடுபோனா லாக்கும் சேர்ந்து போயிடும். நேரம் என்ஐசி என்டிபியில் (அரசின் நேர சர்வர்) இருந்து.

சிக்கல் 4624தான், அதாவது லாகின் வெற்றின்னு விண்டோஸ் எழுதும் பதிவு. டிஸ்க்கை நிரப்புது. மொத்தமா நிறுத்தினா ஆர்டிபியில் (ரிமோட் டெஸ்க்டாப்) யார் நுழைஞ்சாங்கன்னே தெரியாது. 4625 (லாகின் தோல்வி), 4740 (அக்கவுன்ட் லாக்அவுட்), 1102 (லாக் அழிப்பு) மூணையும் தொடப் போறதில்லை. 4624-இல் டைப் 3 (நெட்வொர்க் வழி லாகின்) பதிவுகளில், டாலர் குறியில் முடியும் மெஷின் அக்கவுன்ட்டை (பிசியோட சொந்த அக்கவுன்ட்) மட்டும் வடிகட்டலாமா? செஞ்சவங்க இருந்தா, ரூலை ஏஜென்ட்டில் (பிசியில் இருந்து லாக்கை அனுப்பும் வாசூ புரோகிராம்) போட்டீங்களா, சர்வரிலா? சொல்லுங்க ப்ளீஸ்.