புதுப்பிப்பு: பிரேக் பெடல் அதிர்வு நின்றது

எண்ணூர் விரைவுச் சாலையில் பிரேக் மிதித்தால் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பெடல் துடிக்கிறது, பிரேக் டிஸ்க்கைக் (சக்கரத்தோடு சுழலும் வட்டத்தகடு) கடைசல் பிடித்துச் சமப்படுத்தியும் மூன்றே மாதத்தில் அதிர்வு திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? காரணம் கிடைத்துவிட்டது.

தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணன் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தார். இடது முன் டிஸ்க் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. கழற்றினால், டிஸ்க் உட்காரும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில் செதில் செதிலாகத் துரு! ஆண்டு முழுக்கக் கடற்காற்றில் நிற்கும் வண்டி. துருவின் மேல் சாய்ந்து உட்கார்ந்த டிஸ்க், சுற்றுக்குச் சுற்று பிரேக் பேடில் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) உரசி, ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. துருவை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் கடைந்தால் அதிர்வு திரும்பாமல் என்ன செய்யும்?

ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தோம். டிஸ்க் அதற்குரிய குறைந்தபட்சத் தடிமனைவிட இன்னும் தடியாக இருந்ததால் மறுபடி லேசாகக் கடைசல். மாட்டி அளந்தபோது ஆட்டம் 0.03 மில்லிமீட்டர்தான். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) குறுக்கு வரிசையில் முறுக்கினோம். 400 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பெடல் அசையவில்லை.