ஆயுதம் ஏந்திய கொள்ளையரைக் காரில் துரத்தும்போது காவல்துறை எங்கே தவறுகிறது?

வைகைக்கரையான் (கேள்வி):

வணக்கம். 2019 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்த ஒரு கொள்ளையைப் பற்றி அண்மையில் விரிவாகப் படித்தேன். கோரல் கேபிள்ஸ் நகரில் நகைக்கடையில் கொள்ளையடித்த இருவர், யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு வண்டி ஒன்றை அதன் ஓட்டுநரோடு சேர்த்துக் கடத்திக்கொண்டு தப்பினார்கள். பல காவல்துறைகளின் வாகனங்கள் அதைத் தொடர்ந்து விரட்டின. இறுதியில் மிராமார் நகரின் ஒரு சாலைச் சந்திப்பில், மாலை நேர நெரிசலில் அந்த வண்டி சிக்கி நின்றதும் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கொள்ளையர் இருவரோடு, பிணையாக இருந்த ஓட்டுநரும், சிக்னலுக்காகத் தம் காரில் காத்திருந்த ஒருவரும் இறந்தார்கள். காவலர்கள் சிலர் பொதுமக்கள் அமர்ந்திருந்த கார்களையே மறைப்பாகக் கொண்டு சுட்டதைக் காணொளிகளில் பார்க்க முடிகிறது.

என் ஐயம் இதுதான். எதிரே இருப்பவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது, வண்டிக்குள் பிணைக்கைதியும் இருக்கிறார் என்று தெரிந்த பிறகும் இத்தனை வாகனங்கள் ஏன் நெருக்கமாகத் துரத்த வேண்டும்? சற்று விலகிப் பின்தொடர்வதற்கோ, நெரிசலை அடையும் முன்பே வண்டியை நிறுத்துவதற்கோ வழி இல்லையா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொங்குமண்டலம் (மறுமொழி):

வணக்கம் நண்பரே. துரத்தலாமா வேண்டாமா என்று அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தில் பெரும்பகுதி, சிக்னலை மீறியவரையும் திருட்டுக் கார் ஓட்டுபவரையும் பற்றியது. காவல்துறை உயர் அதிகாரிகளுக்கான ஆய்வு மன்றமான பெர்ஃப் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, வன்முறைக் குற்றம் நடந்திருந்து, தப்பியவரால் உடனடி ஆபத்தும் இருந்தால் மட்டுமே துரத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயுதக் கொள்ளை இந்த இரண்டு நிபந்தனைகளையும் எளிதாக நிறைவு செய்துவிடும். எனவே நீங்கள் குறிப்பிடும் நிகழ்வில் துரத்தியது விதிமீறல் என்று சொல்வது கடினம். பிழை வேறிடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1980ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மே 9 அன்று கலிஃபோர்னியாவின் நோர்கோ நகரில் ஐந்து பேர் ஒரு வங்கியைக் கொள்ளையடித்தார்கள். அவர்களிடம் ராணுவப் பாணித் துப்பாக்கிகளும், தாங்களே தயாரித்த வெடிகுண்டுகளும் இருந்தன. காவலர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் ரிவால்வர்களும் ஷாட்கன்களும்தாம். கொள்ளையர் ஓடும் வண்டியின் பின்புறத்திலிருந்து சுட்டுக்கொண்டே சென்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட காவல் வாகனங்கள் சேதமடைந்தன, மேலே பறந்த ஹெலிகாப்டர் ஒன்றும் குண்டுபட்டுப் பின்வாங்கியது. ஒரு கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அடுத்த கவுண்டிக்குள் துரத்தல் நுழைந்தபோது, இரு தரப்பின் வயர்லெஸ்ஸும் ஒன்றோடொன்று இணையாததால், முன்னே செல்பவர் என்ன காண்கிறார் என்பதைப் பின்னே வருபவரிடம் நேரடியாகச் சொல்ல இயலவில்லை. லைட்டில் கிரீக் மலைப்பாதையில் கொள்ளையர் வண்டியை நிறுத்திப் பதுங்கியிருந்து, வளைவைத் திரும்பிய முதல் காவலரைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னால் வந்த குழுவில் ஒருவரிடம் எம்-16 துப்பாக்கி இருந்ததால்தான் மற்றவர்கள் உயிர் தப்பினார்கள் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

நோர்கோவிலிருந்து காவல்துறைகள் எடுத்துக்கொண்ட முதற்பாடம், தங்கள் ஆயுதம் போதவில்லை என்பது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நிகழ்வு காட்டிய மற்றொன்றை, அதாவது எல்லை கடந்து ஓடும் துரத்தலுக்குத் தலைமை தாங்குபவர் எவரும் இல்லை என்பதை, அதே வேகத்தில் எவரும் சரிசெய்யவில்லை என்பது என் கருத்து.

2014 ஜூலை 16 அன்று, அதே மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரில் மூன்று பேர் ஒரு வங்கியைக் கொள்ளையடித்து, மூன்று பெண்களைப் பிணையாகப் பிடித்து, அவர்களில் ஒருவரின் காரிலேயே தப்பினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்த துரத்தலில் கொள்ளையர் ஏகே-47 வகைத் துப்பாக்கியால் பின்னோக்கிச் சுட்டதில் பல ரோந்துக் கார்கள் செயலிழந்தன. இரு பெண்கள் நடுவழியில் காரைவிட்டு வெளியேறி உயிர் பிழைத்தார்கள். கார் நின்றபோது முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் சேர்ந்து 600 ரவுண்டுகளுக்கு மேல் சுட்டார்கள். மனிதக் கேடயமாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த மூன்றாவது பெண், காவலர்களின் தோட்டாக்களால் இறந்தார். பின்னர் அந்நிகழ்வை ஆராய்ந்த போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு, இத்தனை தோட்டாக்கள் தேவையற்றவை என்றும், சிலர் சக காவலர்களின் பின்னாலிருந்து சுட்டு அவர்களையே ஆபத்தில் தள்ளினார்கள் என்றும் கூறியது. ஒருவர் சுட்டால் அருகிலிருப்பவரின் விரலும் தானாக விசையை அழுத்திவிடும் இந்தத் தொற்றுச் சூடு, பயிற்சியாளர்கள் நெடுங்காலமாக அறிந்த ஆபத்துதான்.

நோர்கோவில் துப்பாக்கி போதவில்லை. ஸ்டாக்டனில் அளவுக்கு மிஞ்சி இருந்தது. இரண்டிலுமே, வண்டி நின்றால் யார் முன்னே செல்வது, யார் சுடுவது, யார் சுடக் கூடாது என்று துரத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்மானிக்க ஆள் இல்லை. மிராமாரும் இதே வரிசையில்தான் வருகிறது. பின்தொடரும் வாகனங்களை இரண்டு மூன்றாகக் குறைப்பதற்கு அடிப்படைக் காரணம் சாலை விபத்தைத் தவிர்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இறுதியில் வந்து நிற்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை அது குறைக்கிறது என்பதே எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது.

சட்டப்பிரியை (மறுமொழி):

மேலே எழுதியவரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தலைமையின்மையை மட்டும் குறை சொன்னால், நீதிமன்றங்கள் ஆற்றிய பங்கு மறைந்துபோகும். 2007இல் ஸ்காட் எதிர் ஹாரிஸ் வழக்கில், துரத்தலை முடிப்பதற்காகக் காவலர் தம் வாகனத்தால் மோதியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியாயமானது என்று ஏற்றது. 2014இல் பிளம்ஹாஃப் எதிர் ரிக்கார்ட் வழக்கில், பொதுமக்களுக்கான கடும் அபாயத்தைத் தடுக்கச் சுடத் தொடங்கியவர்கள், அந்த அபாயம் நீங்கும்வரை நிறுத்த வேண்டியதில்லை என்று கூறியது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது 2015இல் தீர்ப்பான முலினிக்ஸ் எதிர் லூனா வழக்கு. டெக்சாஸில் 2010இல், கைதுக்கு அஞ்சித் தப்பிய ஒருவர், மணிக்கு 135 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்றுகொண்டே காவல் கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் அழைத்து, தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகவும், துரத்தலைக் கைவிடாவிட்டால் காவலர்களைச் சுடுவேன் என்றும் மிரட்டினார். டயரைப் பஞ்சராக்கும் முள்பட்டைகள் சாலையில் தயாராகப் பரப்பப்பட்டிருந்தன. மேம்பாலத்தில் நின்ற ஒரு காவலரோ, எஞ்சினைச் சுட்டு வண்டியை நிறுத்துவதாகச் சொல்லி, கார் பட்டையை அடையும் முன்பே ஆறு முறை சுட்டார். பட்டை பலன் தருகிறதா என்று முதலில் பார்க்கும்படி மேலதிகாரி வயர்லெஸ்ஸில் கூறியிருந்தார். ஓடும் வாகனத்தைச் சுடுவதற்கான பயிற்சி அந்தக் காவலருக்கு இல்லை. எஞ்சினில் குண்டு பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை. நான்கு குண்டுகள் ஓட்டுநரின் உடலில் பாய்ந்திருந்தன. ஆயினும் சுட்ட காவலர்மீது இழப்பீட்டு வழக்கு தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி சோட்டோமேயர் மட்டும் மாறுபட்டார்.

இந்த வழக்கில் கட்டளை இடுவதற்கு ஒருவர் இருந்தார். அவருடைய கட்டளையும் சரியாகவே இருந்தது. அது பொருட்படுத்தப்படவில்லை என்பதே சிக்கல். மீறினாலும் பின்விளைவு இல்லை என்றால் அத்தகைய கட்டளைக்கு என்ன மதிப்பு? மிராமார் நிகழ்வில் 2024இல் நான்கு காவலர்கள்மீது கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குற்றம் சுமத்தப்பட்டதைக் காவலர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. ஆனால் பிணைக்கைதியும் வழிப்போக்கரும் இறந்த ஒரு சம்பவத்தில் குற்றவியல் விசாரணையாவது நடக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

வைகைக்கரையான்:

இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக் கேள்வி. காரின் பின்பக்கத்தில் இடித்துச் சுழலவிடும் உத்தியும் முள்பட்டையும் இருக்கும்போது, நெடுஞ்சாலையிலேயே அந்த வண்டியை நிறுத்தியிருக்க முடியாதா?

கொங்குமண்டலம்:

பிட் எனப்படும் அந்த இடிக்கும் உத்தியில், காவல் கார் தப்பிச் செல்லும் காரின் பின் சக்கரத்திற்கு அருகே ஒட்டிச் சென்று, அதே வேகத்தில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதாவது சன்னல் வழியே சுடக் கூடியவனுக்கு மிக அருகில் சில நொடிகள் ஓட்ட வேண்டும். மேலும், சுழன்ற கார் பெரும்பாலும் காவலரை நோக்கியே முகம் திருப்பி நிற்கும். பல காவல்துறைகள் மணிக்கு சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் இதைச் செய்யத் தடை விதித்திருக்கின்றன. உயரமான சரக்கு வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருக்கும் ஓட்டுநரின் கதி என்ன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முள்பட்டையில் உள்ள உள்ளீடற்ற முட்கள் காற்றை மெதுவாக வெளியேற்றுவதால் டயர் வெடிக்காது என்பது நன்மை. தீமை என்னவென்றால், அதைப் பரப்பும் காவலர் சாலையோரத்தில் நின்றாக வேண்டும். அப்படி நின்றவர்கள் வாகனம் மோதி இறந்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் வரும் சாலையில் அந்த அபாயம் மேலும் கூடும்.

துரத்தல் தொடங்கும் முன்பே சூழ்ந்து மடக்குவது மேல் என்று பிரிட்டிஷ் காவல்துறையைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஆயுதப் பிரிவினர், சந்தேக நபரின் காரை அவர் அறியாமல் பின்தொடர்ந்து, தாங்கள் தேர்ந்த இடத்தில் முன்னும் பின்னும் பக்கத்திலும் கார்களை நிறுத்தி அடைப்பார்கள். முறை நல்லதுதான். ஆனால் 2005 ஏப்ரலில் லண்டனின் எட்ஜ்வேர் பகுதியில் அப்படி அடைக்கப்பட்ட காரில் இருந்த இளைஞரை, கார் நின்ற ஒரு நொடிக்குள்ளாகவே ஆயுதக் காவலர் ஒருவர் சுடத் தொடங்கினார். அந்தக் கால அளவில் அவர் கண்டதாகச் சொன்ன அசைவை ஏற்க முடியாது என்றும், சுட்டதற்குச் சட்டபூர்வ நியாயம் இல்லை என்றும் 2013இல் பொது விசாரணை முடிவு செய்தது. கொலைக் குற்றச்சாட்டில் அந்தக் காவலரை விசாரித்த நடுவர் குழு 2015இல் அவர் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது.

சட்டப்பிரியை:

அந்த எட்ஜ்வேர் விசாரணை அறிக்கையை நானும் வாசித்திருக்கிறேன். இடமும் நேரமும் காவல்துறையின் தேர்வாக இருந்தும், காருக்குள் இருப்பவர் கைகளை உயர்த்துவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை என்பதை இதே இழையில் தனியாக விவாதிக்கலாம். முலினிக்ஸ் வழக்கோடு ஒப்பிட்டு விரைவில் எழுதுகிறேன்.