ஸ்னோடன் மலையில் சிக்கிக்கொண்டால், மீட்க வருகிறவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டுமா?

லெஸ்டர்வாசி:
அடுத்த மாதம் வேலையிடத்து நண்பர்களோடு வேல்ஸில் ஸ்னோடன் ஏறப் போகிறோம். 1085 மீட்டர்தான், பாதையும் நன்றாக இருக்குமாம். மேலே யாருக்காவது கால் பிசகிவிட்டால் என்ன செய்வது? ஹெலிகாப்டர் வந்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும், முடிந்தவரை கூப்பிடாதே என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

வடக்குநடை:
இல்லவே இல்லை. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்குக் கட்டணம் உண்டு, பிரிட்டனில் மலை மீட்புக்கு ஒரு பென்னிகூட வாங்குவதில்லை. ஸ்னோடனுக்கு வருவது லான்பெரிஸ் மலை மீட்புக் குழு. எல்லாரும் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது, சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள், செலவு பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது. அவசர எண் 999 அடித்து முதலில் போலீஸைக் கேளுங்கள், அப்புறம் 'மவுண்டன் ரெஸ்க்யூ' வேண்டும் என்று சொல்லுங்கள். காசுக்குப் பயந்து இருட்டும்வரை உட்கார்ந்திருந்தால் உடம்பு குளிரில் விறைத்துப்போகும், தேடுவதும் கஷ்டம்.

கம்ப்ரியாக்காரன்:
மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் நெருங்க முடியாது, ஸ்ட்ரெச்சரில் ஆள் மாற்றி ஆள் தூக்கித்தான் இறக்குவார்கள். இங்கே ஒரு குழுவின் பயிற்சியில் அடிபட்டவராக நான் படுத்திருக்கிறேன். சின்னச் சின்ன மணிகள் நிறைந்த மெத்தையில் கிடத்தி பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினார்கள், அது உடம்போடு ஒட்டி அப்படியே இறுகிவிட்டது, இடுப்பை அசைக்க முடியவில்லை. ஈரப் பாறையில் அவர்கள் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வைத்தது படுத்திருந்த எனக்கே தெரிந்தது. 2021 பிப்ரவரியில், மலையில் கூடாரம் போட்டிருந்த ஒருவருக்கு நெஞ்சுவலி என்று உதவப் போன, இந்தப் பக்கத்து பேட்டர்டேல் மீட்புக் குழுத் தன்னார்வலர் ஒருவர் 150 மீட்டர் விழுந்து முதுகெலும்பில் பலத்த காயம்பட்டார். அதனால் தேவையென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள், ஆனால் தலைவிளக்கும் மழைச்சட்டையும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

லெஸ்டர்வாசி:
ரொம்ப நன்றி, இருவருக்கும். சிக்னல் இல்லாவிட்டால்?

வடக்குநடை:
குரலுக்குச் சிக்னல் போதாத இடத்திலும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்விடும். 999-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப முன்பே பதிவு வேண்டும், அதனால் வீட்டிலிருந்தே அந்த எண்ணுக்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிவுசெய்து வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு முறை. இரவானால் டார்ச்சிலும் அதே கணக்கு. முக்கியமாக, ஸ்னோடன் ஏறும் பாதைகளில் ஒன்றான பிக் ட்ராக்கில் போனால் கணவாயில் வலப்பக்கம் மேலே பிரிகிற பாதையில் ஏறிவிடாதீர்கள், அது க்ரிப் கோக், இரண்டு பக்கமும் சரிவான ஒடுங்கிய முகடு. தெரியாமல் ஏறி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றுகொண்டு 999 அடிக்கிறவர்கள் நிறைய.