மெக்கார்த்தி என்ற ஒருவருக்கு அமெரிக்காவே எப்படி நடுங்கியது?

கேள்வி:
1950 பிப்ரவரியில் அமெரிக்காவின் வீலிங் நகரக் கூட்டத்தில், அந்நாட்டு வெளியுறவுத் துறைக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் செனட்டர் மெக்கார்த்தி சொன்னார். கடைசிவரை நிரூபிக்கவே இல்லை. அப்புறம் எப்படி நாலு வருஷம் எல்லோரும் பயந்தார்கள்?

பதில்:
பயம் அவருக்கு முன்பே வந்துவிட்டது. 1947-லேயே அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க அன்றைய ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டார். 1949 ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு வெடித்தது, அக்டோபரில் சீனா மாவோ கைக்குப் போனது, அடுத்த ஜூனில் கொரியாவில் போர். அணுகுண்டு விழுந்தால் தப்பிக்கப் பள்ளிப் பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து, பிடரியைக் கைகளால் மூடிப் பழகிய காலம் அது. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதில்:
சரி, ஆனால் பயம் மட்டும் காரணமில்லை. சொந்தக் கட்சிக்கு அவரால் லாபம் இருந்தது. அதே கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி ஐசனோவர்கூட வெளிப்படையாகப் பெயர் சொல்லி எதிர்க்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. 1954-ல் மெக்கார்த்தி ராணுவத்தையே சீண்டினார், விசாரணை தொலைக்காட்சியில் ஓடியது, ஜனங்கள் அவருடைய மிரட்டலை நேரிலேயே பார்த்தார்கள். டிசம்பரில் செனட் 67-22 என்ற வாக்குக் கணக்கில் அவரைக் கண்டித்தது.

பதில்:
பாதிக்கப்பட்டவர்களை மறக்க வேண்டாம். அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் பாதுகாப்பு அனுமதியை, அதாவது அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியை, 1954-ல் பறித்தார்கள். அந்த முடிவை அரசு ரத்து செய்தது 2022-ல். அவர் இறந்ததோ 1967-ல்.