மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றமா, பிறநில மாற்றமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அச்சுக்குப் போகவிருக்கும் கையேட்டுக்காக, 'இன்டைரக்ட் லேண்ட் யூஸ் சேஞ்ச்' என்பதற்குத் தமிழ் கேட்டுப் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த பரிந்துரைகளையெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே வாக்கியம் அமைக்கச் சொன்னேன். அதில் தெரியவந்ததை வைத்துத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு வயலில் விளைந்த தானியத்தை எரிபொருளுக்குத் திருப்பிவிட்டால், அதைத் தின்றுகொண்டிருந்தவர்கள் பட்டினி கிடந்துவிட மாட்டார்கள். விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்து எங்கோ ஒருவர் புல்வெளியை உழுவார், காடு திருத்துவார். அந்த மண்ணிலும் மரத்திலும் இருந்த கார்பன் காற்றில் கலக்கும். அதையும் எரிபொருளின் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் திமோத்தி சர்ச்சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அதுவரை வந்த கணக்குகளில் அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 20 விழுக்காடு குறைவாகப் பசுங்குடில் வாயு வெளியிடுவதாக இருந்தது. நிலத்தையும் சேர்த்துப் பார்த்தபோது 30 ஆண்டுக் கணக்கில் வெளியீடு ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. நிலம் மாறியதால் பட்ட கார்பன் கடன் அடைய 167 ஆண்டு. சர்ச்சிங்கர் வழக்கறிஞராக இருந்து ஆய்வுக்கு வந்தவர். யார் செய்ததை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது இயல்புதான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் இதை என் ஸ்கூட்டரிலிருந்து தொடங்கினேன். இப்போது பங்க்கில் போடுவது இ20, அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 5 லிட்டர் போட்டால் 1 லிட்டர் எத்தனால். அது மக்காச்சோளத்தில் வடித்தது என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு ஏறத்தாழ 380 லிட்டர் என்ற கணக்கில் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே சோளம் வேண்டும். முட்டைக்கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாதி மக்காச்சோளம் என்றால், என் ஒரு டேங்க் ஒரு கோழியின் ஒன்றரை மாதச் சோளம். (வடித்த பின் சோளத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கையாக மிஞ்சித் தீவனத்துக்கே திரும்பும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) நாமக்கல் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "தீவன மூட்டை விலை ஏறிப்போச்சுன்னு எங்கப்பா புலம்புறது இதனாலதானா மேடம்?" என்றாள். இதுவும் ஒரு காரணம்தான். வழக்கமாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்யும் இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கியது. அங்கே எந்த நிலம் எப்படி மாறியது என்று அவள் அப்பாவும் பார்த்ததில்லை, பெட்ரோல் போட்ட நானும் பார்த்ததில்லை. நாங்கள் பார்க்காத அந்த நிலம் சொல்லுக்குள் வர வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

> பள்ளிப் பாடத்திலேயே மறைமுக வரி இருக்கிறது. மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

ஐயா, நானும் முதலில் இதையேதான் எழுதிவைத்திருந்தேன். ஆனால் சென்னையில் நிலப்பயன்பாட்டு மாற்றம் என்றதும் நினைவுக்கு வருவது சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எழுதும் விண்ணப்பம். விவசாய மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றித் தரக் கேட்பது. அதற்கு முன்னால் 'மறைமுக' சேர்ந்ததும் மூன்று மாணவர்கள், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமலே, 'யாருக்கும் தெரியாமல் விளைநிலத்தை மனையாக்குவது' என்ற பொருளில் வாக்கியம் எழுதிவிட்டார்கள். அவர்கள் மேல் தவறு இல்லை. மறைமுகம் என்றால் மறைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். வரிக்கு அது பொருந்துகிறது, விலைக்குள் வரி ஒளிந்திருப்பதால். இங்கே எதையும் எவரும் மறைக்கவில்லை. சந்தை விலை ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறது, கேட்ட இடத்தில் நிலம் மாறுகிறது.

> நிலத்திரிபு என்று வைக்கலாமே. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாவதைப் படித்தவர்கள்தானே நாம்.

விட மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்த சொல் இது. ஆனால் பால் திரிந்தது என்றால் கெட்டுவிட்டது என்று பொருள். இந்தத் துறையில் எவ்வளவு கெட்டது என்பதே இன்னும் தீராத வாதமாக இருக்கிறது. மக்காச்சோள எத்தனாலுக்குச் சர்ச்சிங்கர் குழு போட்ட நிலக்கணக்கு, எரிபொருள் தரும் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 104 கிராம் கார்பன் டை ஆக்சைடு. கலிபோர்னியா அரசு தன் எரிபொருள் விதிகளில் 2009இல் 30 கிராம் என்று வைத்தது, 2015இல் அதை 19.8 ஆகக் குறைத்தது. அளவு இப்படி ஏறி இறங்கும்போது சொல்லே தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. நான் சர்ச்சிங்கர் பக்கம் நிற்பவள்தான். இருந்தாலும் எதிர்வாதம் செய்பவரும் தயங்காமல் எடுத்தாளும் சொல்லாக இருக்க வேண்டும்.

பரிந்துரைகளில் மீதி இரண்டு, கசிவும் ஈட்டு நிலமும். கசிவு என்ற சொல் காடு காக்கும் திட்டங்களில் வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறது. ஈட்டு நிலம் என்றால் அடகு வைத்த நிலம். இரண்டையும் விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: பிறநில மாற்றம்.

இது எனக்குத் தன்வினை, பிறவினையிலிருந்து வந்தது. 'மாறியது' தன்வினை, 'மாற்றியது' பிறவினை. திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டினான். செயல் ஓரிடத்தில், செய்ய வைத்தது வேறிடத்தில். இந்தக் கருத்தின் எலும்பே அதுதான். இங்கே ஒரு முடிவு, வேறு ஒரு நிலத்தை மாற வைக்கிறது. நேரடி மாற்றத்துக்கு இணையாகத் தன்னில மாற்றம் என்று வைக்க ஆசைப்பட்டேன். வாய்விட்டுச் சொன்னபோது கடைசி வரிசையில் எல்லோரும் 'தன்னிலை மாற்றம்' என்று எழுதினார்கள். ஆகவே அது நேரடி நில மாற்றம் என்றே இருக்கட்டும்.

சொல் பிடிபடுகிறதா என்று பார்க்கச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தேன். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கரையில் நடந்தது நேரடி மாற்றம். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தது பிறநில மாற்றம். இதில் தேவை தானாக இடம் தேடிப் போகவில்லை, அரசே இடம் குறித்து அனுப்பியது, ஆகவே பாடநூல் எடுத்துக்காட்டாக இதை வைக்க மாட்டேன். ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து வரும் மாணவன் அதுவரை வாய் திறக்காமல் இருந்தவன், "ஆத்தங்கரையில இருந்த வெள்ளம் எங்க கூடவே கிளம்பி வந்துருச்சு மேடம்" என்றான். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருவருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருத்து சொல்லுங்கள்.

---

மறுமொழி, பெரம்பலூரிலிருந்து:

மேடம், வணக்கம். நான் விவசாயி. எங்க பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும்தான். விலை போய்ச் சொல்லும் என்று எழுதியது சரி. பக்கத்துக் காட்டுக்காரர் பருத்தியை விட்டுச் சோளத்துக்கு மாறினதும் அப்படித்தான். இருபது வருடம் முன்னே பயோடீசலுக்காகத் தரிசில் காட்டாமணக்கு போடச் சொன்னார்கள். தரிசு என்று காகிதத்தில்தான். எங்களுக்கு அது மேய்க்கால். செடி நட்டதும் ஆடுகள் ஏரிக்கரைக்குப் போயின, ஏரிக்கரை மொட்டையானது. இது உங்கள் சொல்லில் வருமா?

ஒரு தடை. பிறநிலம் என்றால் பிறத்தியார் நிலம் என்று காதில் விழுகிறது. அடுத்தவர் வரப்பை வெட்டுகிற மாதிரி. பயன்பாடு என்ற சொல்லும் விட்டுப்போய்விட்டது.

---

அண்ணா, உங்கள் ஏரிக்கரை இந்தச் சொல்லுக்குள் கச்சிதமாக வரும். விலைகூட வேண்டாம், ஆட்டின் பசியே போதும். அனுமதித்தால் இதையே கையேட்டின் முதல் எடுத்துக்காட்டாக வைக்கிறேன், ஊர்ப் பெயர் இல்லாமல்.

பிறத்தியார் என்ற தடை உண்மையானது. பிறர் ஆளைக் குறிக்கும், பிற பொருளைக் குறிக்கும் என்று இலக்கணம் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், காது இலக்கணம் கேட்காது. 'வேற்றுநிலம்' வைத்துப் பார்த்தேன், அயல்நாடு போலத் தொனிக்கிறது. உங்கள் ஏரிக்கரை அயல்நாடு இல்லை. ஆகவே பிறநிலத்தோடுதான் நிற்கிறேன். முழு வடிவம் பிறநிலப் பயன்பாட்டு மாற்றம். அதே பத்தியில் மறுபடி வரும்போது பிறநில மாற்றம். முதல் முறை வருமிடத்தில் 'மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம் என்றும் சொல்வர்' என்று ஒரு வரி சேர்க்கிறேன், ஐயா சொன்ன சொல்லைத் தேடி வருகிறவர்களுக்காக.

வெள்ளிக்கிழமை மெய்ப்பு அச்சகத்துக்குப் போகிறது. 'மேய்க்கால்' என்பதை உங்கள் பக்கம் மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும்தான் சொல்வீர்களா, ஆடு போகும் தடத்துக்கும் சொல்வதுண்டா? வியாழனுக்குள் ஒரு வரி எழுதுங்கள், அண்ணா.