'டெயின்டட் லவ்': சாஃப்ட் செல் பாட்டா, குளோரியா ஜோன்ஸ் பாட்டா?

நெல்லை_ராகவி:

சாஃப்ட் செல் குழுவின் 'டெயின்டட் லவ்' எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. எண்பதுகளின் பாப் தொகுப்பு எதைப் போட்டாலும் வந்துவிடும். ஆரம்பத்தில் வரும் அந்த 'டிங்க் டிங்க்' சத்தத்திலேயே பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

சமீபத்தில் யூடியூப் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவியபோது, அதே பாட்டை ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். குளோரியா ஜோன்ஸ் என்று பெயர் போட்டிருந்தது. நல்ல வேகம், பித்தளை வாத்தியங்கள், பின்னால் பெண்கள் கோரஸ். சின்த் என்கிற மின்னணு வாத்தியம் மருந்துக்கும் இல்லை. கீழே கருத்துப் பகுதியில் எது ஒரிஜினல் என்று ஒரே சண்டை. ஓரிடத்தில் 1965 என்கிறார்கள், இன்னோரிடத்தில் 1976.

ஒரே பாடகிக்கு எப்படி இரண்டு வருடம்? இவ்வளவு நல்ல பாட்டு அப்போதே ஏன் ஓடவில்லை? அதைத் தேடி எடுத்தது யார்? முக்கியமாக, கவர் பாடுகிறவர்களுக்கு, அதாவது அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுகிறவர்களுக்குப் பணம் போகுமா, எழுதியவருக்கா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஐந்து_கட்டை:

ராகவி, நான் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். மேடையில் மற்றவர்கள் பாட்டை வாசிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்தக் கதை எனக்கு மனதுக்கு நெருக்கமானது.

பாட்டை எழுதியவர் எட் காப், அமெரிக்கர். 'ஃபோர் பிரெப்ஸ்' என்ற குரலிசைக் குழுவில் பாடியவர், பிறகு தயாரிப்பாளராகவும் பாட்டு எழுதுபவராகவும் மாறினார். லாஸ் ஏஞ்சலஸில் சர்ச் பாடல்கள் பாடிக்கொண்டிருந்த குளோரியா ஜோன்ஸைக் கண்டெடுத்தவரும் அவர்தான். 1964-இல் பாட்டைப் பதிவு செய்தார்கள், 1965-இல் சாம்பியன் என்ற லேபிளில் (இசைத்தட்டு கம்பெனியில்) சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டாக வந்தது. ஆனால் நீங்கள் கேட்ட பாட்டு அந்தத் தட்டின் பி சைடில் இருந்தது. ஏ சைடில் 'மை பேட் பாய்ஸ் கம்மிங் ஹோம்' என்று வேறொரு பாட்டு. ரேடியோக்காரர்கள் ஏ சைடைத்தான் போடுவார்கள். அது ஓடவில்லை என்றால் தட்டைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஏன் ஓடவில்லை என்றால் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், அந்த ஆண்டுகளில் இதே பாணியில் எத்தனையோ நல்ல பாட்டுகள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு கம்பெனி மாதாமாதம் ஹிட் கொடுத்துக்கொண்டிருந்த காலம். சின்ன லேபிளில் வந்த பி சைடு காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

காணாமல் போனதை மீட்டது இங்கிலாந்தின் வட பகுதி. விகன், போல்டன், பிளாக்பூல் பக்கத்து இளைஞர்கள் அறுபதுகளின் அமெரிக்க சோல் (கறுப்பின மக்களின் ஒரு வகை இசை) பாட்டுகளுக்கு ராத்திரி முழுக்க ஆடுவார்கள். 'நார்தர்ன் சோல்' என்று அதற்குப் பெயர். அவர்களுக்கு ஹிட்டான பாட்டு வேண்டாம். வேகமான, யாருக்கும் தெரியாத, ஓடாமல் போன தட்டுதான் வேண்டும். டிஜேக்கள் அமெரிக்காவுக்கே போய்க் கிடங்குகளில் விற்காத சரக்கைக் கிளறினார்கள். அப்படிப் போன ரிச்சர்ட் சியர்லிங் 1973-இல் குளோரியாவின் தட்டை வாங்கி வந்தார். அதே வருடம் செப்டம்பரில் விகன் கேசினோ என்ற நடன கிளப் திறந்தது. அங்கே மது கிடையாது, காலை எட்டு மணி வரை ஆட்டம், கால் வழுக்கி ஆடுவதற்குத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். சில டிஜேக்கள் போட்டியாளருக்குத் தெரியக்கூடாது என்று தட்டின் லேபிள்மேல் வேறு பெயரை ஒட்டிவைப்பார்களாம்! எட்டு வருடம் முன்னால் தோற்றுப்போன பி சைடு, அந்தத் தரையில் உச்சத்துக்குப் போனது.

இப்போது உங்கள் 1976-க்கு வருகிறேன். பாட்டுக்கு இங்கிலாந்தில் மவுசு வந்ததைப் பார்த்து குளோரியா அதை மறுபடி பாடினார். அப்போது அவர் டி. ரெக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இருந்தார், அதன் தலைவர் மார்க் போலனின் துணைவி. போலனே தயாரித்தார். 'விக்சன்' ஆல்பத்தில் இருக்கிறது. அதுவும் தரவரிசையில் ஏறவில்லை. ஆக இரண்டு வருடமும் சரி, இரண்டும் தனித்தனிப் பதிவு. என்னைக் கேட்டால் 1965-தான். அதில் அவர் குரலில் இருக்கிற கோபம் நிஜம். 'போதும், நான் கிளம்புகிறேன்' என்று பெட்டியைத் தூக்கிவிட்ட பெண்ணின் குரல். 76-இல் அந்த அவசரம் இல்லை.

பிளாட்ஃபாரம்_7:

அண்ணன் விட்ட இடத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். 1977 செப்டம்பர் 16 அதிகாலை, லண்டன் பார்ன்ஸ் பகுதியில் ஒரு மினி கார் மரத்தில் மோதியது. ஓட்டியவர் குளோரியா, பக்கத்தில் போலன். போலன் அங்கேயே இறந்தார், முப்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. குளோரியாவுக்கும் பலத்த காயம். அவர்களுடைய மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பிறகு குளோரியா குழந்தையோடு அமெரிக்கா திரும்பிவிட்டார். நான்கு வருடம் கழித்து அவருடைய பழைய பாட்டை வேறு இருவர் பாடி உலகமே கேட்டது. இதை நினைக்காமல் என்னால் அந்த 'டிங்க் டிங்க்' கேட்க முடிவதில்லை.

ஐந்து_கட்டை:

நன்றி தம்பி. நான் அதைத் தொடாமல் போனது பாட்டுக்குள்ளேயே நிற்கவேண்டும் என்பதற்காக. ஆனால் சொல்லவேண்டியதுதான். இன்னொன்றும் சொல்லவேண்டும்: குளோரியா வெறும் பாடகி இல்லை. கிளாடிஸ் நைட் குழு 1970-இல் பாடிய 'இஃப் ஐ வேர் யுவர் வுமன்' பாட்டை எழுதிய மூவரில் அவரும் ஒருவர்.

சரி, சாஃப்ட் செல். மார்க் ஆல்மண்டும் டேவ் பாலும் லீட்ஸ் பாலிடெக்னிக்கில் சந்தித்தவர்கள். ஆல்மண்ட் 'வேர்ஹவுஸ்' கிளப்பில் வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டிவைக்கும் வேலை பார்த்தார். டேவ் பால் பிளாக்பூல்காரர், நார்தர்ன் சோல் கேட்டு வளர்ந்தவர். முதலில் வந்த 'மெமரபிலியா' தரவரிசைக்குள் நுழையவில்லை. கம்பெனி இன்னும் ஒரே ஒரு சிங்கிளுக்குத்தான் அனுமதி கொடுத்தது. அதற்கு இந்தப் பாட்டை எடுத்தார்கள். தயாரிப்பாளர் மைக் தோர்ன்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ், பித்தளை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சின்த்தும் ரிதம் மெஷினும் வைத்தார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். ஆல்மண்டின் குரலுக்காக சுருதியை 1 கட்டையிலிருந்து (C) அதற்குக் கீழே உள்ள 5 கட்டைக்கு (G) இறக்கினார்கள். மேடையில் பாடகர் மாறினால் நாங்களும் கட்டையை மாற்றுவோம், ஆனால் இவ்வளவு தூரம் இறக்கினால் பாட்டின் முகமே மாறும். குளோரியா உச்சியில் நின்று கத்துகிறார். ஆல்மண்ட் தாழ்ந்த இடத்தில் தவிக்கிறார். அவர் போக நினைக்கிறார், கால் நகரவில்லை. வார்த்தை அதே வார்த்தை. ஒன்றரை நாளில் பதிவு முடிந்தது, ஆல்மண்ட் முதல் தடவை பாடியதையே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தவிப்பு அப்படியே இருப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

1981 ஜூலையில் வந்தது, செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் 8-ஆம் இடம்வரைதான் போனது, ஆனால் அந்த நாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 43 வாரம் இருந்தது. அப்போது அது சாதனை. அதே 1981 டிசம்பரில் விகன் கேசினோ மூடப்பட்டது.

நெல்லை_ராகவி:

அண்ணா, இவ்வளவு விவரமா! இப்போது இரண்டையும் அடுத்தடுத்து கேட்டேன், சுருதி விஷயம் தெளிவாகக் கேட்கிறது. பணக் கேள்வி மட்டும் பாக்கி. இவ்வளவு ஓடியதே, சாஃப்ட் செல் பெரிய பணக்காரர்கள் ஆகியிருப்பார்களே?

ஐந்து_கட்டை:

அங்கேதான் வயிற்றெரிச்சல். ஒரு தட்டில் இரண்டு வகைப் பணம் உண்டு. பாடிப் பதிவு செய்தவருக்கு ஒன்று, பாட்டை எழுதியவருக்கு இன்னொன்று. ஒரு பாட்டு முறையாக வெளிவந்துவிட்டால், எழுதியவருக்கு உரிய ராயல்டியைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்யலாம். பிரிட்டனில் அந்தக் காலச் சட்டப்படி அது தட்டின் சில்லறை விலையில் 6.25 சதவீதம், அதைத் தட்டில் உள்ள பாட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும்.

கவனியுங்கள், பங்கு இரண்டு பக்கத்துக்கும் உண்டு. ஏ சைடைக் கேட்கத்தான் ஜனங்கள் தட்டை வாங்குவார்கள், ஆனால் பி சைடை எழுதியவருக்கும் காசு. அதனால்தான் கவர் பாடுகிற குழுக்கள் பின்பக்கத்தில் சொந்தப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடும். சாஃப்ட் செல் என்ன செய்தார்கள்? பின்பக்கத்தில் 'வேர் டிட் அவர் லவ் கோ'. அது 1964-இல் சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழு பாடியது, எழுதியவர்கள் மோட்டவுனின் ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட். ஆக இரண்டு பக்கமும் அடுத்தவர் பாட்டு. அவ்வளவு விற்ற தட்டில், எழுதியவர் என்ற கணக்கில் அவர்கள் இருவருக்கும் சல்லிக்காசு இல்லை. பாடிய கணக்கில் வந்ததோடு சரி. ஆல்மண்டே பிற்பாடு இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

குளோரியாவுக்கும் சாஃப்ட் செல் தட்டிலிருந்து உரிமை எதுவும் கிடையாது. அவர் அதை எழுதவில்லை, அந்தப் பதிவில் பாடவும் இல்லை. பாட்டுக்கு முதலில் உயிர் கொடுத்தவருக்குச் சட்டத்தில் இடம் இல்லை. எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. முதல் குரலுக்கு ஒரு சின்னப் பங்காவது இருக்கவேண்டும் என்பேன்.

சோழவந்தான்_ரேடியோ:

எட் காப் பக்கம் பணம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சான்று. 2006-இல் ரிஹானாவின் 'எஸ்ஓஎஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் அடியில் ஓடுவது சாஃப்ட் செல் இசைதான். பாட்டு எழுதியவர்கள் பட்டியலில் எட் காப் பெயர் இருக்கிறது. அவர் 1999-லேயே இறந்துவிட்டார். 2001-இல் மர்லின் மேன்சன் பாடியதும் இதே பாட்டுதான். அதில் சத்தம் மட்டும் ஜாஸ்தி, எனக்கு ஒட்டவில்லை.

நான் சொல்லவந்தது காயில் குழுவின் 1985 பதிவு. யாரும் குறிப்பிடவில்லையே! மெதுவாக, சாவுமணி அடிப்பதுபோல் போகும். எய்ட்ஸ் பரவிய முதல் ஆண்டுகள் அவை. வருமானத்தை லண்டனில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவிய டெரன்ஸ் ஹிகின்ஸ் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். வீடியோவில் மார்க் ஆல்மண்டே வருகிறார். 'டெயின்டட் லவ்', அதாவது கெட்டுப்போன காதல் என்ற அதே வரி அங்கே நோயையும் பயத்தையும் பேசுகிறது. கவர் என்றால் எனக்கு இதுதான் கவர். ராத்திரி தனியாகக் கேட்காதீர்கள் ராகவி, மனசு கனத்துவிடும்.

ஐந்து_கட்டை:

காயிலை நினைவுபடுத்தியதற்கு நன்றி சார். ராகவி, கேட்கிற வரிசை சொல்கிறேன்: 1965 குளோரியா, 1976 குளோரியா, சாஃப்ட் செல், கடைசியில் காயில். சாஃப்ட் செல்லில் ரேடியோவில் வரும் சின்ன வடிவம் வேண்டாம், 12 அங்குலத் தட்டில் வந்த ஏறக்குறைய 9 நிமிட வடிவத்தைத் தேடுங்கள். நடுவில் குரல் ஓய்ந்து, வாத்தியம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, தாளம் நிற்காமலே சுப்ரீம்ஸ் பாட்டுக்குள் நுழையும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.