புதிய கோல்ஃப் மைதானத்தில் ரவுண்டு: ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. புதிதாகத் திறந்த 18 குழி மைதானத்தில் அடுத்த வாரம் ஆடுகிறோம். கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பெர்முடா புல். புல்லுக்கடியில் காய்ந்த தண்டும் வேரும் சேர்ந்த மெத்தை இன்னும் உருவாகாததால் தரை இறுகியிருக்கும், பந்து குதித்துக் கிரீனின் பின்பக்கம் ஓடிவிடும். கிரீனுக்கு முன்பே விழவைத்து உருட்டுவதுதான் நல்லது. 8 அயர்னில் (நடுத்தர தூரத்துக்கான மட்டை) கிரீனுக்கு எத்தனை கஜம் முன்னால் விழவைக்கிறீர்கள்?

பங்கரில் (மணல் பள்ளம்) புது மணல் அமுங்கியிருக்காது, பந்து புதையும். மணலில் புதைந்தால் இலவச நிவாரணம் (அபராதமின்றிப் பந்தை இடம் மாற்றுவது) கிடையாது. வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் சாய்வான மட்டை) முகத்தைத் திறக்காமல், அதாவது மேல்நோக்கித் திருப்பாமல், பந்துக்குப் பின்னால் செங்குத்தாக இறக்க வேண்டும். இதற்கு பவுன்ஸ் (மட்டை அடிப்பாகத்தின் கோணம்) குறைந்த வெட்ஜ் போதுமா?

ஃபேர்வேயில் (கிரீன் வரையிலான வெட்டிய புல்வெளி) புல் பிடிக்காத திட்டுகளைப் பழுதுபார்க்கும் தரையாகக் குறித்திருந்தால் அபராதமின்றி, குழியை நெருங்காமல், திட்டின் பாதிப்பு இல்லாத மிக அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு கிளப் (மட்டை) நீளத்துக்குள் முழங்கால் உயரத்திலிருந்து பந்தை டிராப் செய்யலாம் (கையிலிருந்து விழவிடலாம்). குறிக்காத திட்டுகளுக்கு உள்ளூர் விதி உண்டா என்று ஸ்டார்ட்டரிடம் (ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்) கேட்டால் போதுமா, மைதானக் கமிட்டியையே கேட்க வேண்டுமா?